வளன் நட்ட கேமராக் கம்பம்

வளனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவன் வயிற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சந்தியாகுமுனையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அந்த ஊரில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வளனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டு நகர்ந்து, கோயில் கோபுரம் கொஞ்சம் சிறிதானால் போதும், குடல் வெளியே வந்துவிடும். அப்பா அடித்துப் பார்த்தார். எலுமிச்சங்காயைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே வரச்சொன்னார். மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஊர் அவனுக்குக் ‘கக்கல் வளன்’ என்று பெயர் வைத்தது. கல்யாணமாகி, பெண் பிறந்து, காதோரம் நரை விழுந்த பிறகும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை. பட்டப்பெயர் வைப்பதில் இந்தக் கரைக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலாவது இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

கடலுக்குப் போகாதவன் கரையில் என்ன செய்வான்? ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்தான். கொஞ்ச காலம் மஸ்கட்டில் இருந்தான். திரும்பி வந்து முத்தையாபுரத்தில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை பிடித்து, சிசிடிவி மாட்டும் தொழிலைத் தொடங்கினான். நகைக்கடை, உப்புக் கம்பெனி, ஐஸ் கம்பெனி, லாரி செட்டு என்று தூத்துக்குடியில் யாருக்கு யார் மேல் நம்பிக்கை இல்லையோ அங்கெல்லாம் அவனுக்கு வேலை இருந்தது. ஊரில் நம்பிக்கை குறையக் குறைய அவன் தொழில் நன்றாகவே நடந்தது. எத்தனை உயரம் ஏணியில் ஏறினாலும் வயிறு புரட்டாது. அதை மனைவி எமில்டாவிடம் பெருமையாகச் சொல்வான்.

"ஏணி ஆடாதுல்லா," என்பாள் அவள். எமில்டா நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிற வேலைக்குப் போகிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

அவர்களுக்கு ஒரே பெண், கிருபை. பத்தாவது முடித்தவள். ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர். இந்தக் கரையில் கால்பந்து ஆடாத பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம், ஆனால் எல்லாரும் கோல் போடத்தான் ஓடுவார்கள். கிருபை மட்டும் சின்ன வயதிலேயே பின்னால் போய் நின்றுகொண்டாள். மணலில் விழுந்து விழுந்து இரண்டு முழங்கையும் காய்த்துப் போயிருந்தன. பெனால்டி அடிக்க வருகிறவளின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள், ஊன்றுகிற காலைத்தான் பார்ப்பாள். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை அந்தக் கால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்று யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்தது. கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, வளன் கோல் வலைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இந்த உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில்தான் நின்றது.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு கால்பந்து அகாடமியின் அறிவிப்பு வந்தது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்பதாக இருந்தார்கள். ஆளைப் பார்க்க அவர்கள் வரமாட்டார்கள், வீடியோவில்தான் பார்ப்பார்கள். அதுவும் செல்போனில் எடுத்து அனுப்பினால் செல்லாது. முந்தின வருஷம் வேண்டியதை வைத்து வேண்டாததை வெட்டி அனுப்பினார்கள் என்று பெரிய ரகளையாகிவிட்டதாம். ஆகையால் மனிதக் கை படாத வீடியோ வேண்டும். மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிடுவார்கள். பந்து எங்கே போகிறது, ஆட்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று அந்தப் பெட்டியே பார்த்து, தானே திரும்பி, தானே எடுத்து, ஆட்டம் முடிந்ததும் தானே அகாடமிக்கு அனுப்பிவிடும். சந்தியாகுமுனையில் மே மாதம் நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டத்தை அந்தப் பெட்டி எடுக்கும். அதை வைத்துத்தான் தேர்வு.

பெட்டியோடு ஜெயகணேஷ் என்ற இளம் இன்ஜினியர் வந்தான். கம்பம் நட, ஒயர் இழுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றான். ஊர்க் கமிட்டித் தலைவர் ஜேசுதாசன் அன்று சாயங்காலமே வளன் வீட்டுக்கு வந்து, கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏலே வளன், ஒன் கையிலதாம்ல இருக்கு. நம்ம ஊரு மானத்தக் காப்பாத்து."

"நான் பாத்துக்கிடுதேன் மாமா," என்றான் வளன். அவர் போன பிறகு எமில்டாவிடம் திரும்பி, "பாத்தியா, வளன்னு கூப்ட்டாரு," என்றான். கக்கல் என்ற வார்த்தை இல்லாமல் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அவனுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. மனிதன் எவ்வளவு சின்ன மரியாதைக்கெல்லாம் ஏங்கிப் போகிறான் என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

வேலையை அவன் வேலையாகவா செய்தான்? வீட்டு முன்னால் மாதா சிலைக்குக் கெபி கட்டுகிறவன் மாதிரி செய்தான். உப்புக்காற்று தின்றுவிடும் என்று சாதாரண போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, துறைமுகத்துப் பக்கம் அலைந்து துருப்பிடிக்காத போல்ட்டாக வாங்கி வந்தான். கம்பம் கடல்காற்றில் ஆடினால் படமும் ஆடும் என்பதால், நாலு பக்கமும் வள்ளம் கட்டுகிற கயிற்றால் இழுத்துக் கட்டினான். கடலுக்குப் போகாவிட்டாலும் அந்த முடிச்சு மட்டும் அவன் கைக்கு வந்திருந்தது. அவன் ஏணி உச்சியில் நிற்கும்போது கோயிலில் மத்தியான மணி அடித்தது. ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, கண்ணை மூடி நின்றான். மைக்கில் உபதேசியார் செபம் சொல்லி முடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த போல்ட்டை முடுக்கினான். ஜெயகணேஷ் அப்போது காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தான்.

சோதனை ஓட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பிள்ளைகளைப் பந்து விளையாடச் சொல்லிவிட்டு, வளனும் ஜெயகணேஷும் பெட்டி எடுக்கும் படம் தெரிகிற டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படம் கொஞ்ச நேரம் பந்தோடு போனது. பிறகு மெதுவாக மைதானத்தை விட்டு விலகி, கோல் வலைக்கு அப்பால் கரையேறிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் போய் நின்றுகொண்டது. ஆட்கள் வரிசையாகத் தள்ளுவதையும் ஓடுவதையும் பார்த்து அதுவும் ஒரு ஆட்டம் என்று நினைத்துவிட்டது. கூடி நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "கேமராவுக்கே கடல் பிடிக்கி, ஒனக்குப் பிடிக்கலையேல!" என்று ஒருத்தன் கத்தினான். வளன் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் மைதானத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்தான். கோட்டுக்கு வெளியே நடக்கும் எதுவும் இனி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. கடல் கிடையாது, கோயில் கிடையாது, பார்க்க நிற்கிற சனம் கிடையாது.

பெட்டியில் ஒரு மைக்கும் இருந்தது. அதை அணைக்கச் சொன்னது ஜேசுதாசன்தான். "நம்ம ஆளுக வாயி ஒனக்குத் தெரியாதா? அவ்வளவும் கோயம்புத்தூருக்குப் போயிட்டுன்னா பிள்ளைகள யாரு எடுப்பா?" நியாயமான பேச்சுதான். அணைத்தார்கள்.

கடைசியாக ஜெயகணேஷ் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லுங்க. சில ஊர்ல மேட்ச் முடிஞ்சும் இது நிக்காம வெறும் கிரவுண்டையே விடிய விடிய எடுத்துட்டு இருக்குதுங்க. அதனால குறிச்ச நேரம் தாண்டுனதுக்கு அப்புறம், ரெண்டு நிமிசம் கிரவுண்டுல ஒருத்தருமே அசையலைன்னா ஆட்டம் முடிஞ்சுதுன்னு மூடி அனுப்பிரும். அப்படி வெச்சிரலாமுங்களா? எல்லாருமா சேர்ந்து அசையாம நிக்கற மாதிரி உங்கூர்ல எதாச்சும் உண்டுங்களா?"

வளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்லயா? அசையாமயா? நல்லாச் சொன்னீங்க சார். இங்கன ஒருத்தன் சும்மா நின்னாலே அடுத்தவன் போயி சட்டையப் பிடிச்சிருவான். பெனால்டின்னா பாதி ஊரு கோட்டுக்குள்ளதான் நிக்கும். தாராளமா வைங்க."

ஜெயகணேஷ் வைத்தான்.

இறுதி ஆட்டம் சாயங்காலம் நாலரைக்குத் தொடங்க வேண்டியது. சந்தியாகுமுனைக்கும், உடன்குடிக்கு அந்தப் பக்கம் பனங்காட்டுக்குள்ளிருந்து வந்த ஓர் அணிக்கும் ஆட்டம். சிறப்பு விருந்தினர் காரில் வந்து இறங்கவே நாலே முக்காலாகிவிட்டது. அவருக்குப் பொன்னாடை, அவர் கூட வந்தவர்களுக்குப் பொன்னாடை, வரவேற்புரை, அவர் சின்ன வயதில் பந்தாடிய கதை என்று நேரம் போயிற்று. மற்ற ஆட்டங்களெல்லாம் ஆறு மணிக்கு முன்னால் முடிந்திருந்தன. இந்த ஒன்றைத்தான் ஒரு மனிதரின் பேச்சு தள்ளிவிட்டது. பெரிய மனிதர்களின் நாக்கு நீளத்துக்குச் சின்ன மனிதர்கள் எத்தனை பேர் பலியாகிறார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆட்டம் முழுக்கச் சந்தியாகுமுனைக்காரப் பிள்ளைகள்தான் எதிராளியின் கோல் பக்கம் நின்று ஆடினார்கள். கிருபைக்கு வேலையே இல்லை. எதிரணியில் சந்தனச்செல்வி என்று ஒரு பெண், ஒல்லிப்பிச்சான், ஆனால் ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆளில்லை. அவள் இரண்டே தடவைதான் இந்தப் பக்கம் வந்தாள். முதல் தடவை அவள் அடித்த பந்து கிருபையின் அணிப் பிள்ளை ஒருத்தியின் முதுகில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. இரண்டாம் தடவை கிருபையோடு தனியாகவே வந்து, தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள். இரண்டு தடவையும் கிருபை மணலில் கிடந்தாள். சந்தியாகுமுனையும் இரண்டு போட்டது. நேரம் முடிந்து, பெனால்டி என்று நடுவர் கையைக் காட்டினார்.

வளனுக்கு உள்ளூரச் சந்தோஷம். சமநிலையில் முடிந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்த மைதானத்தில் அவனாகத்தான் இருக்கும். இத்தனை நேரம் சும்மா நின்ற பெண்ணுக்கு இப்போதுதானே வேலை வருகிறது. பெனால்டியில் அவள் யாரென்று இனி கோயம்புத்தூர் பார்க்கும். பெட்டிக்கு அடியில் பச்சை விளக்கு எரிவதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

அப்போது கோயிலில் ஆறு மணி அடித்தது.

சந்தியாகுமுனையில் மணி அடித்தால் யாரும் யாரையும் நிற்கச் சொல்வதில்லை. வலை பின்னுகிறவன் ஊசியை நிறுத்துவான், சண்டை போடுகிறவன் வாயை நிறுத்துவான், குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தாலும் கை நீளாது. பிறந்த நாளிலிருந்து அப்படி. சாயங்கால மணிக்கு மாதாவுக்கான முழு செபமும் மைக்கில் போகும், ஊரே வாய்க்குள் பதில் சொல்லும். அன்றும் அப்படித்தான் நின்றார்கள். ஆட்டக்காரிகள் நின்றார்கள், நடுவர் நின்றார், கோட்டுக்குள் புகுந்திருந்த பாதி ஊரும் நின்றது. பனங்காட்டுப் பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விருந்தாளிகளின் மரியாதைக்கு அவர்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். கிருபை கையுறையோடு கைகூப்பிக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். டேப்லெட்டை வைத்துக்கொண்டு கும்பிடக்கூடாது என்று வளன் அதைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, கண்ணை மூடினான்.

செபம் முடிந்ததும் மைதானம் மறுபடியும் பழைய இரைச்சலுக்கு வந்தது. வளன் கோல் வலைக்குப் பின்னால் ஓடினான். பையை அவன் திறக்கவில்லை. பெட்டியை அண்ணாந்து பார்க்கவுமில்லை. அந்த நேரத்தில் கேமராக்காரன் செத்துப்போய் அப்பன் மட்டும்தான் உயிரோடு இருந்தான்.

அந்த ஐந்து பெனால்டிகளைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. முதலாவதை இடப்பக்கம் பாய்ந்து தள்ளினாள். இரண்டாவதும் மூன்றாவதும் உள்ளே போயின. நாலாவதைப் படுத்த வாக்கில் காலால் தடுத்தாள், எப்படித் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தியாகுமுனை தன் பங்குக்கு மூன்று போட்டிருந்தது. ஐந்தாவது அடிக்க வந்தவள் சந்தனச்செல்வி. கிருபை அவள் ஊன்றுகாலைப் பார்த்தாள். பந்து மேல் மூலைக்குத்தான் போனது. கிருபையின் விரல்நுனி அதற்கு முன்னால் அங்கே போய்விட்டது. பந்து கம்பியில் பட்டு வெளியே விழுந்ததும் சனம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலை மூன்று சுற்று சுற்றினார்கள். ஜேசுதாசன் வளனைக் கட்டிப்பிடித்து, "ஜெயிச்சிட்டோம்ல மாப்ள!" என்றார். வளன் அழுதான். எமில்டா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகு பெட்டியை அணைக்க வந்தான். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. ஆட்டம் முடிந்ததும் தானே மூடிக்கொண்டது போல என்று நினைத்தபடி டேப்லெட்டை எடுத்தான். ஆட்டம் முடிந்தது, வீடியோ அனுப்பப்பட்டது என்று இருந்தது. நேரத்தைப் பார்த்தான். ஆறு மணி தாண்டிச் சில நிமிஷம்தான் காட்டியது. வீடியோவின் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தான். மைதானத்தில் அத்தனை பேரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஓரத்தில் கிருபை கைகூப்பி நிற்கிறாள். அதோடு படம் முடிந்துபோயிருந்தது.

அவனுக்கு வயிறு புரட்டியது. கரையில் நிற்கும்போது புரட்டியது அதுதான் முதல் தடவை.

ஜெயகணேஷுக்குப் போன் போட்டான். அவன் தன் பக்கத்தில் எதையோ திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான், "ஆமாங்கண்ணா, ரெண்டு நிமிசத்துக்கு மேல கிரவுண்டுல ஒரு அசைவுமே இல்லீங்க. எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

"எங்கயும் போகல சார். அங்கனயேதான் நின்னோம்."

"எதுக்குங்க நின்னீங்க?"

"மணி அடிச்சிது."

"நான் கேட்டேனுங்களே அண்ணா," என்றான் ஜெயகணேஷ். அதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் வளனுக்குத் தாங்கவில்லை. கேட்டான்தான். தெளிவாகவே கேட்டான். மணியை வளன் மறந்துபோய்ச் சொல்லவில்லை, மறைக்கவுமில்லை. மணிக்கு நிற்பதை ‘நிற்பது’ என்று அவன் ஒருநாளும் எண்ணியதே கிடையாது. அந்தக் கேள்வியை ஜேசுதாசனிடம் கேட்டிருந்தாலும், எமில்டாவிடம் கேட்டிருந்தாலும், மணியடிக்கிற உபதேசியாரிடமே கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டு அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டது வளனிடம். மாட்டிக்கொண்டவனும் வளன்.

ஜெயகணேஷ் நல்ல பிள்ளை. தன்னால் முடிந்தவரை அகாடமியில் பேசிப் பார்த்தான். பெனால்டியை எடுத்த செல்போன்கள் ஊரில் எத்தனையோ இருந்தன. வளன் அதையெல்லாம் வாங்கி அனுப்பினான். செல்போன் வீடியோ எடுப்பதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. போட்டி நடத்திய கமிட்டித் தலைவரே போனில் பேசி, என்ன நடந்தது என்று உறுதி சொன்னால் மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றான் ஜெயகணேஷ்.

வளன் ஜேசுதாசன் வீட்டுக்குப் போனான். அவர் வீட்டுக் கூடத்தில் ஜெயித்த கோப்பை இருந்தது, மாலை போட்டு வைத்திருந்தார்கள். கோயிலில் வைக்கிற வரைக்கும் தலைவர் வீட்டில்தான் இருக்கும்.

"மாமா, ஒரு போன் மட்டும் பேசணும். மணி அடிச்சதால எல்லாரும் நின்னோம், அதான் ஆட்டம் முடிஞ்சிட்டுன்னு நெனச்சி கேமரா நின்னுட்டுன்னு நீங்க சொன்னா போதும்."

அவர் முகம் மாறியது. "எங்க ஊரு மணி அடிச்சதால ஒரு பிள்ளைக்கு வாழ்க்க போச்சின்னு நான் என் வாயால சொல்லணுமோ?"

"அப்படி இல்ல மாமா..."

"பெறவு எப்படி? மாதா மணி மேல பழியப் போடப் பாக்குத. மாட்டுனது நீ. அமுக்குனது நீ. கேமரா நின்னா அது ஒன் தப்பு." குரலைக் கொஞ்சம் இறக்கினார். "கப்பு வந்திட்டுல்லா. பிள்ளையத் தோள்ல தூக்கிச் சுத்துனோம்லா. ஊரு இதுக்கு மேல என்னல செய்யும்?" வளன் படியிறங்கும்போது உள்ளே யாரிடமோ அவர் சொன்னதும் காதில் விழுந்தது. "கடலும் ஒத்துக்கிடாது, கோயில் மணியும் ஒத்துக்கிடாது. கக்கலுக்கு என்னதான் ஒத்துக்கிடுமோ."

பங்குச்சாமியிடம் போகலாமா என்று யோசித்தான். போகவில்லை. மணியைப் பற்றிச் சாமியாரிடம் போய் என்னவென்று முறையிடுவது?

பத்து நாளில் முடிவு வந்தது. சந்தனச்செல்வியை எடுத்திருந்தார்கள். அவள் போட்ட இரண்டு கோலையும் பெட்டி அற்புதமாகப் பிடித்திருந்தது. ஓடிவருகிற வேகம், பந்தைத் தூக்கிப் போடுகிற லாவகம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவள் கடைசியில் தவறவிட்ட பெனால்டி அதில் இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் தனித்தனியாக ஒரு துண்டு வீடியோவும் அந்தப் பெட்டி தானே தயாரித்திருந்தது. கிருபையின் பெயரைத் தொட்டால் இரண்டு காட்சி வரும். முதலாவதில் பந்து உள்ளே போகிறது, அவள் மணலில் கிடக்கிறாள். இரண்டாவதிலும் பந்து உள்ளே போகிறது, அவள் மணலில் கிடக்கிறாள்.

சந்தனச்செல்வி யாரிடமோ நம்பர் வாங்கிக் கிருபைக்குப் போன் செய்தாள். "நீதான் போயிருக்கணும்க்கா," என்றாளாம். நல்ல மனசு. அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு கிருபை என்ன செய்வாள்? "நல்லா ஆடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டில் சண்டை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எமில்டாவின் வாய் நின்றுபோயிற்று. ஒரே ஒரு தடவை, சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஊரான் வீட்டுத் திருடனையெல்லாம் பிடிச்சிக் குடுத்தீங்க," என்றாள். மீதியைச் சொல்லவில்லை. கிருபை பயிற்சிக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சாயங்காலமானால் வீட்டு முற்றத்தில் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆறு மணி அடித்தது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த எமில்டா வாரியலைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்த வளன் வண்டியை அணைத்துவிட்டு நின்றான். பந்து சுவரில் மோதுகிற சத்தம் நிற்கவில்லை.

"ஏளா, மணி அடிக்குல்லா," என்று எமில்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கிருபை திரும்பிப் பார்க்கவில்லை. எறிந்தாள், பிடித்தாள். மைக்கில் செபம் ஓடி முடிகிற வரைக்கும் எறிந்தாள், பிடித்தாள். அதட்ட வேண்டியவன் வளன். அவன் வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். எமில்டா சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிருபை அப்பாவிடம் வந்தாள். கோபமாகக்கூட இல்லை. பரீட்சையில் வந்த கேள்விக்கு விடை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு பெனால்டிக்கு முந்தி மணி அடிச்சில்லா. அப்ப நான் மாதாட்ட மூணு பந்தையாவது பிடிக்கணும்னு கேட்டேன். கேட்ட மாதிரியே மூணு குடுத்துட்டா. நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒனக்காவத்தாம்மா கேட்டேன்."

"அது தெரியும். என்ன கேட்டீங்க?"

கண்ணை மூடி நின்ற அந்த இரண்டு மூன்று நிமிஷமும் வளன் வேறெதையும் கேட்கவில்லை. என் பிள்ளை பிடிக்கிறதில் ஒன்றைக்கூட விடாமல் அந்தப் பெட்டி பார்க்க வேண்டும் தாயே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவன் தலைக்கு மேலே, பச்சை விளக்கு சிவப்பாகியிருக்கிறது.

"ஞாபகம் இல்லம்மா," என்றான்.

கிருபை கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பந்தை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.